கனகாம்பரக் குற்றப்பத்திரிகை

பொன்னுரங்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நாள் வரிசை மாறாமல்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவரே குறுக்கே விழுந்து திருத்துவார்.

முதலாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. நூற்பாலைக்குள் வெற்றிலை எச்சில் துப்பியதாகப் பதினான்கு நாள் சஸ்பெண்ட். அவர் வெற்றிலை போடுவதே கிடையாது.

இரண்டாவது, எண்பத்து மூன்று. ஆலை வாசலில் துண்டறிக்கை கொடுத்ததற்காக டிஸ்மிஸ்.

மூன்றாவது, தொண்ணூற்று நான்கு. பதினோரு வருஷம் இழுத்த வழக்கில் அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆலையை மூடி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான்காவது, இரண்டாயிரத்து ஒன்று. அவர் கொடியேற்றித் தொடங்கிய சங்கமே, அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கியது. நீக்கிய மறுநாள் மாநாட்டுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆள் தேவை என்று அவரையே கூப்பிட்டது. போனார்.

ஐந்தாவது, போன சித்திரை மூன்றாம் தேதி. அவர் வீட்டு வாசலில் வைத்த கனகாம்பரத்தில் முதன்முதலாக விரிந்த இருபது பூக்களைப் பொழுது புலர்வதற்குள் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் நான்கையும் முதலாளித்துவத்தின் தலையில் போட்டுவிட்டு அவர் தூங்கிவிட்டார். ஐந்தாவதுதான் தூங்க விடவில்லை.

ஆலையும் வழக்கும் சங்கமும் கைவிட்ட பிறகு அவருக்கு மிஞ்சியது, பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் வீட்டு வசதி வாரியத்தின் ஒரு வீடும் அதன் முன்னால் நாலு பாய் விரிக்கிற அளவு மண்ணும்தான். மண் சும்மா கிடப்பது அவருக்குப் பிடிக்காது. செடி வைத்தார். எல்லாம் செத்தன. மண்ணைக் கண்டித்தார். குழாய்த் தண்ணீரைக் கண்டித்தார். மத்திய அரசையும் ஒரு வரி கண்டித்தார். செடிகள் உயிர்த்தெழவில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் தேசம்மாள் மொபெட்டில் வந்து இறங்கினார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பொன்னுரங்கத்துக்கு எழுபத்திரண்டு. மொபெட்டின் பின்னால் ஆட்டுப் புழுக்கை மூட்டை, முன்னால் பெரிய கத்தரி. ஊரில் இருபது வீட்டுத் தோட்டங்கள் அந்த அம்மாள் கையில் பிழைத்துக்கொண்டிருந்தன.

"இந்த மண்ணின் அடிப்படைப் பிரச்சினை என்ன?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

தேசம்மாள் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"இதுல முக்காவாசி சிமெண்டு, தலைவரே. வீடு கட்டின மிச்சத்தக் கொட்டி மூடியிருக்கான்."

நாற்பது வருஷப் போராட்டத்தில் இவ்வளவு நேரான பதிலை அவர் யாரிடமும் கேட்டதில்லை. அறிவு எவரிடம் இருக்கிறதோ அவரே ஆசான், வயதும் பதவியும் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவர் ஒரு துண்டறிக்கையில் படித்திருந்தார். அதை எழுதியவரும் அவரே. ஆகவே அன்று முதல் அவர் தேசம்மாளை "ஆசானே" என்றார். ஊரே கூப்பிடுகிற மாதிரி தேசம்மாள் அவரைத் "தலைவரே" என்றார். கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுலோச்சனா, "இந்த வீட்ல வேலை செய்யறவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார்.

சிமெண்டைத் தோண்டி எறிந்தார்கள். செம்மண்ணும் மக்கிய சாணமும் கொட்டினார்கள். மல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு கற்றாழை, மதில் ஓரமாகக் கனகாம்பரம். கனகாம்பரம்தான் முதலில் பூத்தது. பூத்த அன்றே திருட்டுப் போனது.

"ஆசானே, திருடியது யார்?"

தேசம்மாள் குனிந்து, பூவிழந்த கதிர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கை," என்றார்.

"திருட்டுக் கையா நல்ல கை?"

"விரிஞ்சத மட்டும் கிள்ளியிருக்குது. மொட்டு மேல நகம் படல. ஒரு கதிரும் ஒடியல."

"அதனால்?"

"அதனால தண்ணி ஊத்துங்க."

சீடர் தண்ணீர் ஊற்றினார். ஆனால் மனசு ஆறவில்லை. சுலோச்சனாவின் பால் கணக்கு நோட்டில் வெற்றுப் பக்கங்களாகப் பார்த்துக் கிழித்துத் தைத்து ஒரு தனி நோட்டு செய்தார். தினமும் காலை ஆறு மணிக்குச் செடியைச் சோதனை போட்டு, தேதி, கிழமை, காணாமற்போன பூக்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாப்பது வருஷமா ஒரு முதலாளியப் பிடிக்க முடியல. பூத் திருடனயா பிடிக்கப் போறீங்க?" என்றார் சுலோச்சனா.

"ஆதாரம் திரளட்டும்," என்றார் பொன்னுரங்கம்.

திரண்டது. சித்திரை போய் வைகாசி, ஆனி. திருடன் ஒரு நாள் தவறவில்லை.

ஆடி மாதம் கற்றாழை அழுகியது.

"என்னா ஊத்தறீங்க?" என்றார் தேசம்மாள்.

"எல்லாருக்கும் சமமாக. செடி ஒன்றுக்கு ஒரு வாளி. மல்லிக்கும் அதே, கற்றாழைக்கும் அதே. நம் வீட்டில் பாரபட்சம் கிடையாது."

தேசம்மாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் மூன்று டீ வாங்கி வந்தார். ஒன்று தனக்கு, ஒன்று சுலோச்சனாவுக்கு, ஒன்று சீடருக்கு. சீடர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"என்ன இது, பாகு! எனக்குச் சர்க்கரை வியாதி என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தலைவரே. மூணு டீக்கும் மூணு மூணு கரண்டி. பாரபட்சம் கெடயாது."

சுலோச்சனா தன் டீயோடு அவருடையதையும் வாங்கிக் குடித்துவிட்டார். அன்று சாயங்காலம் சீடர் ஒரு குவளையும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செடியிடமும் தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடத்துவதைத் தெரு பார்த்தது.

ஐப்பசி மழையில் எல்லாம் காடு மாதிரி வளர்ந்தது. கார்த்திகை பிறந்ததும் தேசம்மாள் பெரிய கத்தரியோடு மல்லியின் பக்கம் போனார். முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிக் கவாத்துப் பண்ண வேண்டும், அதற்கு முன் பத்து நாள் தண்ணீரையும் நிறுத்த வேண்டும் என்றார்.

பொன்னுரங்கம் மல்லிக்கும் கத்தரிக்கும் நடுவில் போய் நின்றார்.

"பட்டினி போடுவது, பிறகு ஆட்குறைப்பு செய்வது. இதை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா?"

"மல்லித் தோட்டத்துலயா?"

"ஆலையில்! என் பிணத்தைத் தாண்டித்தான் இந்தக் கிளையை வெட்ட முடியும்."

"சரி. அப்ப எழுதிக் குடுங்க," என்றார் தேசம்மாள்.

எழுதிக் கொடுப்பதில் பொன்னுரங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மறுநாள் நாலு பக்கக் கண்டனத் தீர்மானம் தயாராக இருந்தது. தேசம்மாள் அதை வாங்கி, மொபெட் சீட்டின் மேல் விரித்துவைத்து, தோட்டத்துக் கத்தரியாலேயே வெட்டத் தொடங்கினார். "இந்த வேளையில்" போனது. "வரலாறு நமக்குக் கற்பிப்பது யாதெனில்" போனது. ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்ட "ஆகவே" போனது. மிச்சம் மூன்று வரி நின்றது. அதை அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் படிங்க."

பொன்னுரங்கம் படித்தார். தன் வாழ்நாளில் தான் எழுதிய ஒன்றைத் தானே மூச்சு வாங்காமல் படித்து முடித்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது கொஞ்சம் அவமானமாகவும், பிடித்தும் இருந்தது.

நகர்ந்து வழிவிட்டார். கத்தரி இறங்குகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

கார்த்திகை கடைசி நாள், ஆதாரம் போதும் என்று முடிவு செய்தார். காலை நாலரை மணிக்கு மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு நந்தியாவட்டைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார். கொசுக்கள் அவரைப் பிரித்து மேய்ந்தன. தலைமறைவு வாழ்க்கையில் பழகிய உடம்பு என்று சொல்லிக்கொண்டார். இரண்டு நாள்தான் தலைமறைவாக இருந்தார், அதுவும் மாமியார் வீட்டில். ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்.

ஐந்து மணிக்கு ஒரு மங்கி குல்லாய் தெருவில் வந்தது. ஒரு கைத்தடி, ஒரு மஞ்சள் பை. தடியை மதிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கனகாம்பரத்தைக் கிள்ளத் தொடங்கியது. இருட்டில் விரல்கள் தவறே செய்யவில்லை. கிள்ளி முடித்துவிட்டுத் தொண்டையை இரண்டு தரம் கனைத்தது.

அந்தக் கனைப்பைக் கேட்டதும் பொன்னுரங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. ஆலையின் பர்சனல் ஆபீசர் தெய்வசிகாமணி! எழுபத்தெட்டில் சஸ்பெண்ட் மெமோவில் கையெழுத்துப் போட்டவர். எண்பத்து மூன்றில் ஆலை வாசலில் நின்று, இதே மாதிரி இரண்டு தரம் கனைத்துவிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, டிஸ்மிஸ் உத்தரவை வாங்க மறுத்த பொன்னுரங்கத்தின் பெயரை ஊருக்குக் கேட்க உரக்கப் படித்தவர். இரண்டு வருஷமாக மூன்றாம் தெருவில் மகனோடு வந்து குடியிருக்கிறார் என்பது தெரியும். எதிரே வந்தால் பொன்னுரங்கம் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். அவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்.

பொன்னுரங்கம் கத்தவில்லை. பாய்ந்து பிடிக்கவும் இல்லை. அதெல்லாம் போலீஸ்காரன் வேலை. அவருக்கு வேண்டியது விசாரணை. முறைப்படி குற்றப்பத்திரிகை, முறைப்படி நோட்டீஸ், கடைசியில் இரண்டு சாட்சிகள். அவர்கள் முன்னால் அந்தப் பெயரைத் தன் வாயால் உரக்கப் படிக்க வேண்டும். நாற்பது வருஷமாக அவர் விரும்பியது என்னவென்று அந்தப் புதருக்குப் பின்னால்தான் அவருக்கே தெரிந்தது.

வீட்டுக்குள் ஓடி வந்து சுலோச்சனாவை எழுப்பினார்.

"பிடித்துவிட்டேன்!"

"ஜொரமா?" என்றார் சுலோச்சனா, நெற்றியைத் தொட்டுப் பார்த்து.

அன்றே மதிலின் மேல் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்தார். விசாரணை வருகிற சித்திரை மூன்றாம் தேதி, குற்றம் தொடங்கி ஒரு வருஷம் நிறைகிற நாள் என்று குறித்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு லூயிஸ் ஒரு சாட்சி. தெருவில் இஸ்திரி போடும் முனிரத்தினம் இன்னொரு சாட்சி.

"திருடன் பேரு?" என்று கேட்டார் லூயிஸ்.

"அன்றைக்குப் படிப்பேன்." ஆசானிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

மார்கழியில் ஒரு பூவும் திருட்டுப் போகவில்லை. பனியில் நனைந்து செடி முழுக்கக் கனகாம்பரம் ஆரஞ்சு வண்ணத்தில் நின்றது. பொன்னுரங்கம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். வென்ற போராட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழக்கமில்லாததால் வெகுநேரம் பார்த்தார்.

பூக்கள் தாமாக வாடித் தாமாக உதிர்ந்தன. கதிர்கள் காய்ந்து பழுப்பாயின. புதுக் கதிர் வரவில்லை. தை பிறந்தபோது செடியில் ஒரு பூ இல்லை.

தாகம் போலும் என்று தலை வழியாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய மறு நிமிஷம் காய்ந்த கதிர்களுக்குள் இருந்த விதைக்காய்கள் படபடவென்று வெடித்தன. ஒன்று அவர் கன்னத்தில் அடித்தது.

"சுடறான்! படுங்கள்!" என்று கத்திக்கொண்டே சீடர் செம்மண்ணில் குப்புற விழுந்தார்.

முனிரத்தினம் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சுலோச்சனா சிரித்த சிரிப்பில் மூன்றாம் தெருவில்கூட ஜன்னல் திறந்தது.

தேசம்மாள் வந்தபோது சீடர் கன்னத்தில் தேங்காய் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆசானே, திருட்டை நிறுத்தினேன். கூடவே பூவும் நின்றுவிட்டது. இது என்ன நியாயம்?"

தேசம்மாள் பழுத்த கதிரையெல்லாம் கத்தரித்துத் தள்ளினார். புழுக்கை உரம் வைத்தார். சுலோச்சனாவிடம் ஒரு பழைய ரவிக்கை நாடாவை வாங்கி, செடியின் நடுவில் குறுக்கே கட்டினார்.

"புதுக் கதிரு வரும். வந்ததும் தெனம் அஞ்சு மணிக்கு எழுந்திரிங்க. எடப் பக்கம் விரிஞ்ச பூவு எல்லாத்தையும் கிள்ளிடுங்க. வலப் பக்கம் கை வைக்காதீங்க."

"எத்தனை நாள்?"

"விசாரணை வரைக்கும்."

மாசியில் கதிர் வந்தது. சீடர் ஐந்து மணிக்கு எழுந்தார். முதல் நாள் மூன்று கதிர் ஒடிந்தது. இரண்டாம் நாள் மொட்டும் பூவுமாகக் கையோடு வந்தது. பூ ஒவ்வொன்றும் காகிதம் மாதிரி. அழுத்தினால் கசங்கும், விட்டால் காற்றில் போகும். அரைச் செடிக்கு அரை மணி நேரம் ஆனது. இடுப்பு விட்டுப்போனது. ஆலையில் அறுந்த நூலை ஓடுகிற இயந்திரத்திலேயே ஒட்டியவர் அவர். அந்த விரல்களைக் கனகாம்பரம் பத்து நாள் அழ வைத்தது.

பறித்த பூவை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. சாமி படம் அவர் வீட்டில் கிடையாது. இருந்த ஒரே படம் அவருடைய மாநாட்டுப் படம். அதற்குப் பூப் போட்டால் செத்துவிட்டதாகத் தெரு நினைக்கும். யோசித்து யோசித்துச் சுலோச்சனாவிடம் நீட்டினார்.

சுலோச்சனா அவரையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பூ குடுக்கறீங்க. என்ன தப்பு செஞ்சீங்க?"

"ஆசான் உத்தரவு."

"நல்ல ஆசான்தான்," என்று சொல்லிச் சுலோச்சனா நார் தேடப் போனார். அறுபத்தெட்டு வயதுக் கொண்டையில் அன்று முதல் தினமும் கனகாம்பரம் இருந்தது.

பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. விசாரணைக்கு முதல் நாள் காலை தேசம்மாள் வந்தார். பொன்னுரங்கம் ஏழு பக்கக் குற்றப்பத்திரிகையையும் நோட்டையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை முனிரத்தினத்திடம் பெட்டி போடப் போயிருந்தது.

இருவரும் செடியின் முன்னால் நின்றார்கள். நாடாவுக்கு இடப் பக்கம், கிள்ளக் கிள்ளப் புதுக் கதிர் விட்டு, இலை தெரியாமல் பூத்திருந்தது. வலப் பக்கம் பழுப்பாய், விதைக் காய் தொங்க, வேலை முடிந்துவிட்டது என்று நின்றது. ஒரே வேர். ஒரே வாளித் தண்ணீர்.

"காய் புடிச்சுட்டா அதுக்கு அப்புறம் எதுக்குப் பூக்கணும் அது?" என்றார் தேசம்மாள். "அந்த நோட்ட எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

"இது என்னா?"

"திருட்டு நடந்த நாட்கள். நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன்."

"எத்தினி நாளு?"

"இருநூற்று நாற்பத்து மூன்று."

"நடுவுல லீவு போட்டாரா?"

"புயல் அடித்த அன்று ஒரு நாள். தீபாவளிக்குக்கூட வந்தான்."

"தடி ஊனி நடக்கிற மனுசன்," என்றார் தேசம்மாள். "அரைச் செடிக்கே உங்களுக்கு இடுப்புப் போச்சு. இவரு முழுச் செடிக்கும் செஞ்சிருக்காரு, எட்டு மாசம். உங்க சட்டம் எனக்குத் தெரியாது தலைவரே. இத்தினி நாளு வேலை செஞ்ச ஆள ஒரு வார்த்தை சொல்லாம கம்பி அடிச்சு வெளிய நிறுத்தலாமா?"

"கூடவே கூடாது!" என்றார் பொன்னுரங்கம். கேள்வி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது. ஐந்நூறு ஆலை வாசல் கூட்டங்களில் சொன்ன பதில் அது. "இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்டால், முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது. நீக்கினால் அது..."

அங்கே வாய் நின்றது.

"சொல்லுங்க."

பொன்னுரங்கம் கம்பி வலையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே தன் கையெழுத்து. மேஸ்திரி மாதிரி அழகாக வருகைப் பதிவு செய்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தண்ணி வேணுமா?" என்றார் உள்ளேயிருந்து சுலோச்சனா.

தேசம்மாள் மொபெட்டை உதைத்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வரேன் தலைவரே. அந்த ஏழு பக்கத்தையும் கொஞ்சம் கவாத்துப் பண்ணி வைங்க."

அன்று பகல் முழுவதும் பொன்னுரங்கம் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதினார், அடித்தார், கிழித்தார். ஒரு வார்த்தையை எழுத முடியாமல் மூன்று தரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்ட சுலோச்சனா தரையில் கிடந்த கசங்கல்களைப் பார்த்துவிட்டு, "மறுபடி சங்கத் தேர்தல்ல நிக்கறீங்களா?" என்றார்.

சித்திரை மூன்று. காலை ஏழு மணி. வாசலில் நான்கு நாற்காலி. லூயிஸ் ரயில்வே விசிலை மட்டும்தான் கொண்டுவரவில்லை. மற்றபடி பழைய வெள்ளை பேண்ட்டில் விறைப்பாக வந்திருந்தார். முனிரத்தினம் பெட்டி போட்ட சட்டையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். தெருவில் பத்துப் பேர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். தேசம்மாள் கனகாம்பரத்தின் வலப் பக்கத்துப் பழுப்புக் கதிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அழைப்பு கிடைத்த தெய்வசிகாமணி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் பேனா. எண்பது வயதிலும் ஆபீசுக்கு வருகிற நடை. வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகச் செடியைப் பார்த்தார்.

"என்னய்யா இது! பாதிக் கதிரப் பழுக்க விட்டிருக்கே! செடிய வெக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"பூவைப் பறித்தது நீங்கள்தானா?" என்றார் பொன்னுரங்கம்.

"நான்தான். இல்லேன்னு எப்பச் சொன்னேன்? விரிஞ்சத மட்டும்தான் எடுத்தேன். மொட்டத் தொட்டதில்ல."

"எதற்கு?"

"முச்சந்திப் பிள்ளையாருக்கு."

தெருவில் பல் தேய்ப்பது நின்றது. பொன்னுரங்கத்தின் முகம் செம்பருத்தி ஆனது.

"என் வீட்டுப் பூ பிள்ளையாருக்கா? எட்டு மாதமாகவா?"

"உன் வீட்டுப் பூவுன்னு அவருக்குச் சொல்லல," என்றார் தெய்வசிகாமணி. "சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டார்."

சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லூயிஸ் வானத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்து நீட்டினார்.

"இதைப் பெற்றுக்கொள்ளுங்கள்."

தெய்வசிகாமணி தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"மாட்டேன். முப்பது வருஷம் நான் மெமோ குடுத்தவன். உன் கையால மெமோ வாங்கறதுக்கு நான் ஆளில்ல."

"படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

"வாங்கினாத்தானே படிக்கணும்?"

பொன்னுரங்கம் திரும்பினார்.

"ஆசானே, வாங்க மறுக்கிறார். நான் என்ன செய்ய?"

தேசம்மாள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அவரு காலத்துல வாங்காதவங்களுக்கு என்னா செஞ்சாரோ அதையே செய்யுங்க, தலைவரே. வழக்கத்த எதுக்கு மாத்தறீங்க?"

பொன்னுரங்கம் சாட்சிகள் இருவரையும் ஓரடி முன்னால் வரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மேடைகளில் மைக் இல்லாமல் பேசிய அதே குரலை எடுத்தார்.

"மதிலில் கம்பி வலை அடித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தொழிலாளியை வெளியே நிறுத்திய குற்றத்தை..." இங்கே அந்த வார்த்தை வந்தது. நேற்றுப் பகல் முழுவதும் எழுத வராத வார்த்தை. விழுங்கினார், மறுபடி எடுத்தார். "...நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. வலை இன்றே கழற்றப்படும். இருநூற்று நாற்பத்து மூன்று நாள் பணி செய்த அவர், பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலையில் சேர்க்கப்படுகிறார். பிரிவு, கனகாம்பரம், செடி முழுவதும். நேரம், காலை ஐந்து. பிள்ளையார் விஷயத்தில் நிர்வாகம் தலையிடாது."

தெய்வசிகாமணியின் கை தடியிலிருந்து நழுவியது. லூயிஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தாளில் இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. பொன்னுரங்கம் தலையை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கும்படி அதைப் படித்தார்.

"தெய்வசிகாமணி."